இரண்டு புள்ளிக் கத்தி

கத்தி மழுங்கினால் யாரைத் திட்டுவீர்கள்? சாணை பிடித்தவளைத்தானே. இரும்பைத் திட்டுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. என் கூடப்பிறந்த அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் என்னைக் கவிழ்த்தான்.

எங்கள் பட்டறையில் காட்டுக்கத்தி செய்கிறோம். செய்தோம் என்று சொல்ல வேண்டும். சமையலறைப் பக்கமே போகாத கத்தி. மலை ஏறுகிறவர்கள், காட்டில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள், ஆற்றிலும் பள்ளத்திலும் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போவது. விறகு பிளக்க வேண்டும், முளைக்குச்சி சீவ வேண்டும், நனைந்த கயிற்றை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். அங்கே போய் மழுங்கினால் பக்கத்து வீட்டில் இரவல் கேட்க முடியாது.

வேலையை நானும் அண்ணனும் பிரித்துக்கொண்டிருந்தோம். தகடு வாங்குவது, அலகு வெட்டுவது, உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பது, மறுபடி மிதமாகச் சுட்டுப் பதம் கொண்டுவருவது எல்லாம் அவன். கடைசியில் அரத்தை அலகின் மேல் ஓட்டிப் பார்ப்பான். பதம் ஏறாத இரும்பை அரம் கடிக்கும். பதம் ஏறிய இரும்பில் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கினால், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து ஒரு புள்ளி குத்துவான். இரும்புக்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். பிறகு கத்தி என்னிடம் வரும். தண்ணீர்விட்ட கல்லில் கூர் வைத்து, தோல்பட்டையில் இழுத்து முடித்து, அவன் புள்ளிக்குப் பக்கத்தில் என் புள்ளியைக் குத்துவேன். கூருக்கு நான் பொறுப்பு. என் மகள் கைப்பிடி மாட்டி, தோல் உறை தைப்பாள். இரண்டு புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் வேலையை ஒருவர் பதம் பார்ப்பதில்லை. அவன் என் கூரை விரலால் தடவ மாட்டான், நான் அரத்தைத் தொட மாட்டேன். பட்டறை தொடங்கிய புதிதில் ஒருமுறை விளையாட்டாக அரத்தை எடுத்தேன்.

"ஏன் பாப்பா, அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். நாக்கைக் கடித்துக்கொண்டு அரத்தைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு அதை எடுத்ததே இல்லை. நம்பிக்கை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், பைத்தியக்காரி.

போன மழைக்காலத்துக்கு முன்னால் புகார்கள் வர ஆரம்பித்தன. கூர் நிற்கவில்லை, இரண்டு குச்சி சீவியதும் போய்விடுகிறது என்றார்கள். எனக்கும் கல்லில் ஏதோ சரியில்லை என்று பட்டுக்கொண்டிருந்தது. கூர் வைக்கும்போது அலகின் மறுபக்கம் மயிரிழையாக இரும்பு மடங்கி நிற்கும். பிசிறு என்போம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நல்ல கத்தியில் தோல்பட்டையில் நாலு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும். உதிராமல் ஒட்டிக்கொண்டால் ஆளை ஏமாற்றும். காகிதத்தை அழகாகக் கிழித்துக் காட்டிவிட்டு, மரத்தில் வைத்ததும் மடங்கிப் படுத்துவிடும்.

இப்போது வந்த கத்திகளில் பிசிறு உதிரவே மாட்டேன் என்றது. அதற்குக் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று, இரும்பு மெத்தென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாணை பிடிப்பவள் தேவைக்கு மேல் அழுத்த வேண்டும். இரும்பின் மேல் அண்ணனின் புள்ளி இருந்தது. அப்புறம் மிச்சம் யார்?

ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். "அண்ணே, தகடு ஏதும் மாத்திட்டியா? கொஞ்சம் மெத்துன்னு இருக்கே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான், உலையிலிருந்து திரும்பாமல்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஒரு பழமொழியால் வாயை அடைக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கே கையை இலேசாக்கப் பழக ஆரம்பித்தேன். புதுக் கல் வாங்கினேன். உட்காரும் பலகையை உயர்த்தினேன். வெறும் சுண்டுவிரல் கனத்தில் கத்தியை ஓட்டிப் பார்த்தேன். பிசிறு அப்படியே இருந்தது. என் புள்ளிகூட முன்னைவிட ஆழமாக விழுந்தது. ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மிளகு உட்காருகிற அளவுக்குப் பள்ளம். கை கனத்துப்போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பிறகுதான் கயித்துக்காரர் வந்தார். மலை மீட்புக் குழுவுக்குத் தலைவர். எந்நேரமும் தோளில் கயிற்றுச் சுருளோடு திரிவதால் அந்தப் பெயர். வருகிறபோது கலகலவென்று பேசிக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு நேரே வந்து கத்தியை மேசைமேல் வைத்தார். அலகின் கூர்வாய் நெளிந்து கிடந்தது.

"பள்ளத்துல ஒருத்தர் தொங்கிட்டிருந்தாரு அக்கா. மணிக்கட்டுல கயிறு சுத்தி இறுக்கிடுச்சு. நான் இறங்கி அறுத்தேன். அறுக்கல. தேய்க்குது, நசுக்குது, அறுக்க மாட்டேங்குது. மேலேருந்து வேற கத்தி இறக்கி அறுக்கறதுக்குள்ள கை செத்துப்போச்சு. எடுத்துட்டாங்க."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்க புள்ளி இருக்கேன்னு நம்பிப் போனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் அழுத மாதிரி என் வீட்டுக்காரர் போனபோதுகூட அழவில்லை. யாரென்றே தெரியாத ஒரு மனிதனின் கையை நான் எடுத்துவிட்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"விடு பாப்பா. வேணும்னா செஞ்ச? வயசாகுது. கண்ணும் கையும் என்ன இரும்பா?"

மறுநாள் அவனே என்னைக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே வந்து எனக்குப் பதிலாக அவனே பேசினான். தங்கச்சிக்குப் பார்வை சரியில்லை, வேலையில் தப்பு வருகிறது, எழுதிக் கொடுங்கள் என்றான். வயதுக்குத் தகுந்த சின்ன பவர்தான் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் அவர். சீட்டை அண்ணன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கண்ணாடியை அவன் கையாலேயே மாட்டிவிட்டான். வழியெல்லாம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன், இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று.

மாதக் கடைசியோடு கல்லை விட்டு எழுந்துவிடுவது என்று முடிவாயிற்று. கூர் வைக்க ஒரு இயந்திரம் வாங்கலாம் என்றான். மகளும், "நீ செஞ்ச வரைக்கும் போதும்மா, ரெஸ்ட் எடு" என்றாள். அவள் கரிசனமாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார முடியாதென்றால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, அண்ணன் தகடு பார்க்க வெளியூர் போயிருந்தபோது, கயித்துக்காரர் மறுபடி வந்தார். கையில் இரண்டு கத்தி. ஒன்று, அன்றைக்கு வாய் நெளிந்த கத்தி. இன்னொன்று, அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்களிடம் வாங்கியது. கைப்பிடி கறுத்து, அலகு தேய்ந்து பாதியாகியிருந்தது.

"இது பாதி வேலையில கூர் போய் நின்னதே இல்ல அக்கா. இப்பதான் கல்லுல பட்டு வாய் உடைஞ்சுது. ரெண்டையும் பிடிச்சுக் கொடுங்க."

"என் கை சரியில்ல தம்பி. உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். இருந்தாலும் கை பழகின இடத்துலதான் கொடுக்கத் தோணுது" என்றார்.

பழையதை முதலில் எடுத்தேன். தண்ணீர் விட்டுக் கல்லில் வைத்தேன். மேசையோரத்தில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த வாயைத் தேய்த்து எடுத்து, ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் முடித்து, தோல்பட்டையில் நாலு இழுப்பு. விரல் வைத்துப் பார்த்தேன். பிசிறு இல்லை. சுத்தமாக உதிர்ந்திருந்தது. புறங்கை முடியில் வைத்தேன், சத்தமில்லாமல் வழித்துக்கொண்டு போயிற்று. ஒரு குச்சியை எடுத்துச் சீவிச் சீவித் தள்ளினேன். கூர் அப்படியே நின்றது.

அடுத்து புதியது. அதே கல், அதே தண்ணீர், அதே கை. பிசிறு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், மறுபக்கம் சாய்ந்தது. திரும்ப இழுத்தேன், இந்தப் பக்கம் சாய்ந்தது. குடித்தவன் படுக்கையில் புரளுவது போல இங்கும் அங்கும் புரண்டதே தவிர உதிரவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தேன். கண்ணாடி மூக்கில் இருந்தது. பழைய கத்தியின் இரண்டு புள்ளியும் ஊசி முனை பட்டது போல மேலோடு இருந்தன. பதம் ஏறிய இரும்பு ஆணிக்கு அவ்வளவுதான் இடம் கொடுக்கும். அந்தக் காலத்தில் ஒரு புள்ளி விழ மூன்று நாலு அடி அடிப்பேன், கை வலிக்கும். புதிய கத்தியில் இரண்டு பள்ளம். என்னுடையது மட்டுமா ஆழமாக இருந்தது? அண்ணனுடையதும் அதே ஆழம். அவனுக்குமா கை கனத்துவிட்டது?

கண்ணில் மண்ணைத் தூவுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் அண்ணன் கண்ணாடி மாட்டிவிட்டுத் தூவியிருந்தான்.

கயித்துக்காரரிடம் பழைய கத்தியைக் கொடுத்து, மற்றது இருக்கட்டும், நாளை வாருங்கள் என்று அனுப்பினேன். அந்நியர் முன்னால் அரத்தை எடுக்க மனம் வரவில்லை. அப்போதும் அண்ணன் மானத்தைக் காப்பாற்றினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் தெரு திரும்பியதும் உலைப்பக்கம் போய் அரத்தை எடுத்தேன். அது கையில் அந்நியமாக இருந்தது. அலகின் மேல் வைத்துத் தள்ளினேன். வறட்டென்று கடித்தது. இரும்புத்தூள் விரலில் ஒட்டியது. அலமாரியில் புள்ளி குத்தி எனக்காக வைத்திருந்த ஒவ்வொரு கத்தியையும் எடுத்து ஓட்டினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, ஒன்றாவது வழுக்காதா, இது தற்செயல் என்று ஆகிவிடாதா என்று பானை முழுக்கப் பார்த்தேன். எல்லாவற்றையும் கடித்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். மேசைமேல் அரத்தையும் கத்திகளையும் பார்த்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மகள் உறை தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தினாள்.

"நல்ல தகடு எங்கண்ணே போகுது?" என்று கேட்டேன்.

"பாப்பா, உக்காரு."

"நின்னுட்டே கேக்கறேன். சொல்லு."

சொன்னான். ஊருக்கு அந்தப் பக்கம் அவனும் அவன் மச்சானும் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறார்கள். நல்ல தகடெல்லாம் அங்கே போகிறது. அங்கே வேறு முத்திரை, கூர் வைக்க இயந்திரம். இங்கே வருவது கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற சாதாரணத் தகடு. எண்ணெயில் தோய்த்தாலும் தோய்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

"அங்க எனக்கு இடமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன, தூக்கா போட்டுக்கப்போறேன்?"

"போன்னு உன்ன எப்படிச் சொல்றது? மனசு வரல பாப்பா. கை போச்சுன்னு நீயா விட்டுட்டா கௌரவமா முடிஞ்சிடும்னு நெனச்சேன். யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது."

கௌரவமாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். அவன் வாங்கிப் போட்ட இரும்பில் கழுத்தைக்கூட அறுக்க முடியாது. அதனால்தான் இத்தனை மாதமாகத் தேய்த்திருக்கிறான்.

"அந்த மனுஷன் கை போச்சுன்னு கயித்துக்காரர் வந்து நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமே. நான் அழுதேன். நீ தலையைத் தடவிக் கொடுத்த."

தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அவர்ட்ட சொல்லிடாத. இரும்பு தப்புன்னு வெளிய தெரிஞ்சா கேஸ் ஆயிடும், நான் உள்ள போயிடுவேன். ரெண்டு பட்டறையும் போயிடும்."

"என் கை தப்புன்னு சொன்னா மட்டும் கேஸ் ஆகாதா?"

"உன்ன யாரு என்ன செய்வாங்க? வயசான பொம்பள, கண்ணு தெரியாம செஞ்சுட்டான்னு விட்டுடுவாங்க. டாக்டர்கிட்டகூட எழுதி வாங்கி வச்சிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது போலிருந்தது. மகள் கையிலிருந்த உறை கீழே விழுந்தது.

அந்தக் கண் மருத்துவர், அந்தக் கண்ணாடி, வழியெல்லாம் நான் அழுத அழுகை. எல்லாம் எனக்காக என்று நினைத்திருந்தேன். எனக்கு எதிராக ஒரு சாட்சியைத் தயார் செய்ய என் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறான். சிறுவயதில் தெருவைக் கடக்க எப்படிப் பிடிப்பானோ அப்படித்தான் அன்றைக்கும் பிடித்திருந்தான்.

கண்ணாடியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன். "இத உன் மச்சானுக்கு மாட்டிவிடு. அடுத்தது அவருதான்" என்றேன்.

மறுநாள் கயித்துக்காரர் வந்தபோது அவரே அரத்தை ஓட்டிப் பார்க்கட்டும் என்று கொடுத்தேன். பார்த்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அலமாரிக் கத்திகள் அத்தனையையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனார். அண்ணி வாசலில் வந்து நின்று என்னைத் திட்டினாள், கூடப்பிறந்தவனுக்கே குழி பறித்தவள் என்றாள். பறித்த குழியில் யார் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. வழக்கு நடக்கிறது, பட்டறை பூட்டிக் கிடக்கிறது. கை போனவரைப் போய்ப் பார்த்தேன். என் கை இல்லை என்று சொல்லத்தான் போனேன். அவர் சட்டையின் மடித்துக் குத்திய கையைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் சின்ன உலை. மகள்தான் காய்ச்சுகிறாள். தகடு வாங்குவதற்கு இரண்டு பேருந்து மாறிப் போய், விற்பவனோடு சண்டை போட்டு, பார்த்துப் பார்த்து எடுத்து வருகிறாள். தோய்க்கிற எண்ணெயின் சூட்டை அளந்து, பதம் கொண்டுவந்து, அரம் ஓட்டி, அவளுடைய புள்ளியைக் குத்தி, முதல் முறையாகச் சில கத்திகளைத் துணியில் சுற்றி என் முன்னால் வைத்தாள். முகமெல்லாம் கரி, சிரிப்பு.

"பார்த்துட்டேன்மா. எல்லாம் வழுக்குது. நீ கல்ல எடு."

துணியைப் பிரித்தேன். புள்ளிகள் ஊசி முனை அளவுதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் எத்தனை அடி அடித்திருப்பாள் என்று தெரிந்தது. நான் பெற்ற பிள்ளை. பொய் சொன்னால் காது சிவந்துவிடும், சின்னதிலிருந்தே அப்படி. காது சிவக்கவில்லை.

என் கை கல்லுக்குப் போகவில்லை. அரத்துக்குப் போயிற்று.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே, "பாரும்மா. பார்த்துட்டே செய்" என்றாள்.

அரத்தை அலகில் வைத்துத் தள்ளினேன். வழுக்கியது. வழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் முகத்தைப் பார்க்காமல், அடுத்த கத்தியை எடுத்தேன்.